இது முன்பே தெரிந்ததுதானா? காப்புரிமைச் சோதனையில் பொதுமக்களுக்கு ஓர் இடம்

2002 ஏப்ரலில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் ஊஞ்சல் ஆடும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை வழங்கியது. காப்புரிமை எண் 6,368,227. ஊஞ்சலின் இரண்டு சங்கிலிகளையும் மாற்றி மாற்றி இழுத்தால் பலகை பக்கவாட்டில் ஆடும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. பிறகு அந்த அலுவலகமே மறுஆய்வு செய்து அதை நீக்கிவிட்டது. ஆனால் முதலில் எப்படிக் கொடுத்தார்கள்?

அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஊஞ்சலையே பார்க்காதவர்கள் அல்ல. ஒரு விண்ணப்பத்தை மறுக்க வேண்டுமானால் "இது எல்லோருக்கும் தெரியுமே" என்று சொல்வது போதாது. இன்ன தேதியில், இன்ன இடத்தில், இது ஏற்கெனவே வெளிவந்திருக்கிறது என்று ஆவணம் காட்ட வேண்டும். ஊஞ்சலில் பக்கவாட்டில் ஆடுவதைப் பற்றி யார் கட்டுரை எழுதி வைத்திருப்பார்கள்? ஊரறிந்த விஷயங்களுக்குத்தான் பல நேரம் எழுத்துச் சான்று கிடைப்பதில்லை. அல்லது, சான்று எங்கோ இருக்கும், அது இருக்குமிடம் ஆய்வாளருக்குத் தெரியாது, வேறு யாருக்கோ தெரியும்.

அந்த "வேறு யாரோ" ஆய்வாளரிடம் வந்து சேர வழி உண்டா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். 2007இல் அமெரிக்காவில் அதற்கென்றே இணையம் வழியாக ஒரு முயற்சி நடந்தது. அதிலிருந்து கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. நம் நாட்டுக்கும் அதில் பாடம் உண்டு.

முதலில் அடிப்படை. காப்புரிமை என்பது, ஒரு கண்டுபிடிப்பை மற்றவர்கள் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்கும் உரிமை. பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அதைப் பெற முக்கியமாக இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும், அந்தத் துறை அறிந்த ஒருவருக்குச் சட்டென்று தோன்றிவிடக் கூடியதாக இருக்கக் கூடாது. இரண்டையும் சோதிப்பதற்கு ஆய்வாளர் செய்வது ஒரே வேலைதான்: உலகத்தில் ஏற்கெனவே என்ன இருந்தது என்று தேடுவது. பழைய காப்புரிமைகள், ஆய்விதழ்கள், பாடநூல்கள், நிறுவனங்களின் கையேடுகள், மாநாட்டுக் கட்டுரைகள் என எதுவும் சான்றாகலாம். இதை இங்கே முன்சான்று என்று சொல்வோம்.

விண்ணப்பத்தின் இறுதியில் 'கோரிக்கைகள்' என்ற பகுதி இருக்கும். உயிர்நாடி அதுதான். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதைப் போல, எது வரைக்கும் என் உரிமை என்று வார்த்தைகளால் வேலி போடும் இடம் அது. முன்னால் இருக்கும் நாற்பது பக்க விளக்கத்தைவிட, பின்னால் இருக்கும் ஒன்றரைப் பக்கக் கோரிக்கைகளுக்குத்தான் சட்டத்தில் எடை.

ஓர் அமெரிக்க ஆய்வாளருக்கு ஒரு விண்ணப்பத்தைப் படித்து, தேடி, முடிவெழுதி முடிக்கக் கிடைத்த நேரம் சராசரியாகச் சுமார் இருபது மணி நேரம். மாதக் கணக்காக அல்ல, மொத்தமாகவே அவ்வளவுதான். 2008 வாக்கில் அந்த அலுவலகத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன. மென்பொருள் துறையில் நிலைமை இன்னும் மோசம். மென்பொருளுக்குக் காப்புரிமை கொடுக்கும் வழக்கம் பிந்தித்தான் பரவியது. ஆகவே அதற்கு முந்தைய பல்லாண்டு அறிவு காப்புரிமைக் கோப்புகளில் பதிவாகவில்லை. பழைய நிரல்களில், பயனர் கையேடுகளில், பல்கலைக்கழக அறிக்கைகளில் சிதறிக் கிடந்தது. அந்த நிரலை எழுதியவருக்கு அது இருக்குமிடம் ஐந்து நிமிடத்தில் நினைவுக்கு வரும். பழைய காப்புரிமைகளில் மட்டும் தேடப் பழகிய ஆய்வாளர் இருபது மணி நேரமும் தேடினாலும் கைக்கு வராமல் போகலாம்.

அப்படியானால் தெரிந்தவர்களைக் கேட்டுவிட வேண்டியதுதானே? கேட்கச் சட்டம் விடவில்லை. விண்ணப்பங்கள் பதினெட்டு மாதங்களில் வெளியிடப்பட வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தபோது, கூடவே ஒரு கதவையும் சாத்தியது. வெளியான விண்ணப்பத்துக்கு, விண்ணப்பதாரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல், மூன்றாம் நபர் எதிர்ப்புத் தெரிவிக்க முடியாது. பணபலம் உள்ள போட்டியாளர்கள் தனியொரு கண்டுபிடிப்பாளரை மறுப்புகளால் மூழ்கடித்துவிடுவார்கள் என்பது அந்தத் தடைக்குச் சொன்ன நியாயம். அந்த அச்சம் பொய்யல்ல. ஆவணத்தை மட்டும் அனுப்ப ஒரு சிறு வழி இருந்தது. விண்ணப்பம் வெளியான இரண்டு மாதங்களுக்குள், கட்டணம் கட்டி, பத்து ஆவணங்கள் வரை கொடுக்கலாம். ஆனால் அந்த ஆவணம் ஏன் பொருத்தமானது என்று ஒரு வரி விளக்கம்கூட எழுதக் கூடாது. முந்நூறு பக்கக் கையேட்டை விளக்கமின்றி ஆய்வாளரின் மேசையில் வைத்தால், அதில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இந்த இடத்தில் வந்தவர் பெத் நோவெக். நியூயார்க் சட்டக் கல்லூரியில் பேராசிரியர், பிற்பாடு ஒபாமா ஆட்சியில் துணைத் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக வெளிப்படையான அரசாட்சி முயற்சியை முன்னெடுத்தவர். அவரது யோசனை 'பியர் டு பேட்டன்ட்' என்ற பெயரில், அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் ஒத்துழைப்போடு 2007 ஜூன் 15 அன்று தொடங்கியது. முதல் கட்டத்தில் கணினி மற்றும் மென்பொருள் சார்ந்த 250 விண்ணப்பங்கள் வரை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. சம்மதம் வேண்டும் என்ற சட்டத் தடையை, சம்மதத்தையே கேட்டு வாங்கித் தாண்டினார்கள். தங்கள் விண்ணப்பத்தைப் பொதுப்பார்வைக்கு வைக்க முன்வந்த நிறுவனங்களுக்கு ஒரு சலுகை: அந்த விண்ணப்பம் வரிசையில் முன்னால் நகரும். பல ஆண்டுகள் காத்திருக்கும் காலத்தில் அது சிறிய சலுகை அல்ல. ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், ஹெச்பி, ஜெனரல் எலக்ட்ரிக், ரெட் ஹேட் போன்ற நிறுவனங்கள் ஆதரவு தந்தன.

காப்புரிமைகளைக் குவித்து வைத்திருக்கும் ஐபிஎம் இதை ஏன் ஆதரிக்க வேண்டும்? ஐபிஎம் போன்ற நிறுவனங்கள்தான் மற்றவர்களின் தகுதியற்ற காப்புரிமைகளால் வழக்குக்கு இழுக்கப்படுபவையும்கூட. மேலும், பலரும் சோதித்துக் குறை காணாத ஒரு காப்புரிமை, நீதிமன்றத்தில் உறுதியாக நிற்கும் என்ற நம்பிக்கை உண்டு. நல்லெண்ணத்தை மட்டும் நம்பி எழுப்பிய அமைப்பல்ல இது. ஒவ்வொரு தரப்புக்கும் இதில் ஏதோ ஓர் ஆதாயம் இருந்தது. நோவெக்கின் திட்டத்தில் எனக்கு முதலில் பிடித்தது அதுதான்.

இரண்டாவது, இன்னும் முக்கியமானது, பொதுமக்களிடம் அவர்கள் கேட்ட கேள்வி. அரசு நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் குவியும் மனுக்களை யார் படிக்கிறார்கள் என்ற சந்தேகம் நமக்குப் புதிதல்ல. அங்கே கேட்கும் கேள்வி மிகப் பரந்தது: "இந்தத் திட்டம் பற்றி உங்கள் கருத்து என்ன?" ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகச் சொல்வார்கள், அதைத் தொகுத்து முடிவெடுக்கும் நேரம் அதிகாரிக்கு இருக்காது. பியர் டு பேட்டன்ட் கருத்தைக் கேட்கவில்லை. மென்பொருளுக்குக் காப்புரிமை கொடுப்பது சரியா, இந்த நிறுவனம் நல்லதா என்றெல்லாம் கேட்கவில்லை. கொடுக்கலாமா வேண்டாமா என்று வாக்கெடுப்பும் நடத்தவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: இந்தத் தேதிக்கு முன்னால் இது எங்காவது வெளிவந்திருக்கிறதா, இருந்தால் காட்டுங்கள், கோரிக்கையின் எந்தப் பகுதிக்கு அது பொருந்துகிறது என்று சொல்லுங்கள்.

நடைமுறை இப்படி. ஒரு விண்ணப்பம் தளத்தில் சுமார் நான்கு மாதங்கள் திறந்திருக்கும். பதிவு செய்துகொண்ட யாரும் அதைப் படிக்கலாம், மற்றவர்களோடு விவாதிக்கலாம், முன்சான்றைப் பதிவேற்றலாம். ஒருவர் கொண்டுவந்த சான்றை இன்னொருவர் எடைபோடுவார்: தேதி சரியா, உண்மையிலேயே பொருந்துகிறதா, ஏற்கெனவே வந்ததையே திரும்பச் சொல்கிறதா? கடைசியில், பங்கேற்றவர்கள் மேலானவை என்று மதிப்பிட்ட பத்துச் சான்றுகள் மட்டும் ஆய்வாளருக்குப் போகும். பத்துக்கு மேல் கிடையாது. முடிவெடுப்பவர் அப்போதும் ஆய்வாளர்தான். அவர் அந்தப் பத்தையும் ஒதுக்கலாம், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், தன் தேடலையும் தொடரலாம்.

சான்றைப் பொருத்திக் காட்டுவது என்றால் என்ன? ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. ஒரு கோரிக்கை மூன்று அங்கங்களைச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: வாசல் மணியை அழுத்தினால் வீட்டுக்காரரின் கைப்பேசிக்குத் தகவல் போகும், வாசல் கேமராவின் படம் திரையில் தெரியும், திரையில் விரல் வைத்தால் கதவு திறக்கும். நீங்கள் ஒரு பழைய மாநாட்டுக் கட்டுரையைக் கண்டுபிடிக்கிறீர்கள், அதில் முதல் இரண்டும் இருக்கின்றன, மூன்றாவது இல்லை. அப்படியானால் "இது புதியதல்ல" என்று அந்த ஒரு கட்டுரையைக் கொண்டு சொல்ல முடியாது. புதுமையை உடைக்க எல்லா அங்கங்களும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும். ஆனால் தொலைவிலிருந்து பூட்டைத் திறப்பது பற்றி வேறொருவர் இன்னொரு ஆவணத்தைக் கொண்டுவந்தால், "இவ்விரண்டையும் சேர்ப்பது துறை அறிந்தவருக்குத் தோன்றக் கூடியதுதான்" என்று ஆய்வாளர் வாதிட முடியும். முதல் சான்றைக் கண்டவருக்கும் இரண்டாவதைக் கண்டவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பலர் கூடித் தேடுவதன் பலன் இங்கேதான் வெளிப்படுகிறது.

முதல் ஆண்டிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டார்கள். அவர்கள் கொண்டுவந்தவற்றில் பழைய காப்புரிமைகள் அல்லாத ஆவணங்கள் கணிசமாக இருந்தன. ஆய்வாளர்கள் வழக்கமாக எளிதில் எட்டாத பகுதி அது. ஆய்வாளர்கள் சில விண்ணப்பங்களில் இந்தச் சான்றுகளை எடுத்தாண்டு கோரிக்கைகளை மறுத்தார்கள். பங்கேற்ற ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இம்முறையை வரவேற்றார்கள். 2008இல் திட்டம் வணிக முறைகள் சார்ந்த காப்புரிமைகளுக்கும் விரிந்தது. ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே போன்ற முன்னோட்டங்கள் நடந்தன. 2011இல் பிரிட்டனும் முயன்று பார்த்தது. அமெரிக்காவில் முதல் முன்னோட்டம் 2009 ஜூனில் முடிந்தது. 2010 அக்டோபரில் ஆயிரம் விண்ணப்பங்கள் என்ற வரம்போடு தொடங்கிய இரண்டாவது முன்னோட்டம் ஓராண்டு நடந்தது. அதன்பின் அது நிலையான திட்டமாகவில்லை.

ஏன்? சம்மதத்தின் மேல் கட்டிய வீடு என்பது முதல் காரணம். சோதனைக்குத் தானாக முன்வருபவர் யார்? தன் விண்ணப்பத்தின் மேல் நம்பிக்கை உள்ளவர். ஊஞ்சல் காப்புரிமை போன்ற ஒன்றை எழுதியவர் தன் தாளைப் பொதுப்பார்வைக்கு நீட்ட மாட்டார். எங்கே வெளிச்சம் அதிகம் தேவையோ அங்கே அது போய்ச் சேரவில்லை. அடுத்தது உழைப்பு. காப்புரிமை மொழி கடினமானது, வேண்டுமென்றே அகலமாக எழுதப்படுவது. ஒரு பொறியாளர் மாலையில் வேலை முடிந்து வந்து, முகம் தெரியாத ஒரு நிறுவனத்தின் கோரிக்கைகளை வரி வரியாகப் பிரித்துப் படிக்க வேண்டும். பதிவு செய்துகொண்டவர்கள் எல்லோரும் சான்று கொண்டுவரவில்லை. ஆர்வலர்களை ஓராண்டு இழுத்து வைத்திருப்பது ஒன்று, இருபதாண்டு இழுத்து வைத்திருப்பது வேறு. அதற்குச் சம்பளம் வாங்கும் ஆட்கள் வேண்டும், நிலையான நிதி வேண்டும்.

ஆனாலும் இதைத் தோல்வி என்று எழுதிவிட எனக்கு மனமில்லை. 2011இல் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் பெரிய அளவில் திருத்தப்பட்டபோது, பழைய கதவு திறந்தது. 2012 செப்டம்பர் 16 முதல் யார் வேண்டுமானாலும், விண்ணப்பதாரரின் சம்மதம் இல்லாமலே, குறிப்பிட்ட கால வரம்புக்குள் முன்சான்று அனுப்பலாம். கூடவே ஒவ்வோர் ஆவணமும் எப்படிப் பொருந்துகிறது என்ற சுருக்கமான விளக்கமும் வைக்க வேண்டும். முன்பு தடைசெய்யப்பட்ட விளக்கம் இப்போது கட்டாயம்! முதல் முறை அனுப்புபவருக்கு மூன்று ஆவணங்கள் வரை கட்டணமும் இல்லை. பியர் டு பேட்டன்ட் தன் இரண்டு முன்னோட்டங்களில் செய்து காட்டியதன் சாரம் அந்தச் சில வரிகளில் இருக்கிறது.

அதே மாதம், நிரலாளர்களின் கேள்வி-பதில் தளங்களை நடத்தும் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் 'ஆஸ்க் பேட்டன்ட்ஸ்' என்ற பகுதியைத் திறந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜோயல் ஸ்போல்ஸ்கி, திரையில் தெரியும் படங்களின் அளவை மாற்றுவது பற்றிய மைக்ரோசாஃப்ட்டின் ஒரு விண்ணப்பத்துக்கு முன்சான்று காட்டி, ஆய்வாளர் அதை வைத்து மறுத்ததை 2013இல் விவரித்தார். அவர் அந்தத் துறையை அறிந்தவர். அதனால்தான் எங்கே தேடுவது என்று தெரிந்தது.

இந்தியாவின் கதை வேறு பாதையில் போகிறது. 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குப் புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. நம் வீட்டில் அடிபட்ட குழந்தைக்கு அம்மா வைக்கும் மஞ்சள்தான். அதை நீக்கக்கோரிய இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பாட்டி வைத்தியத்தைச் சொல்லி வாதாடவில்லை. 32 ஆவணங்களை வைத்தது. பழைய சமஸ்கிருத நூலும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் அதில் அடக்கம். 1997இல் அந்தக் காப்புரிமை நீங்கியது. அந்த அனுபவத்தில் பிறந்ததே மரபறிவு மின்நூலகம். சித்த மருத்துவம் உட்பட நம் மரபு மருத்துவ நூல்களில் உள்ள மருந்துக் குறிப்புகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் தந்து, ஆய்வாளர்கள் தேடக்கூடிய வடிவில் வைத்திருக்கிறார்கள். இது பியர் டு பேட்டன்ட்டுக்கு நேர்மாறான வழி. கூட்டத்தைக் கூப்பிடாமல், சான்றை முன்கூட்டியே சேர்த்து, ஒப்பந்தம் செய்துகொண்ட காப்புரிமை அலுவலகங்களுக்குத் திறந்து கொடுப்பது. நூலில் ஏறிய அறிவுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். நேற்று எழுதிய நிரலுக்குப் பொருந்தாது.

அதைவிடப் பெரிய விஷயம், நம் சட்டத்திலேயே ஒரு திறந்த கதவு இருக்கிறது. காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 25(1). விண்ணப்பம் வெளியான பிறகு, காப்புரிமை வழங்கப்படும் முன், "எவரும்" எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். போட்டியாளராக இருக்க வேண்டும் என்பதில்லை, பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வெளியான ஆறு மாதங்களுக்குள் காப்புரிமை கொடுக்கவும் கூடாது. அமெரிக்கா போராடிப் பெற்றதைவிட இது அகலமான உரிமை.

அது காகித உரிமையாக இருந்துவிடவில்லை. ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மெசிலேட் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை, 2006 ஜனவரியில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். எதிர்த்தவர்களில் மருந்து நிறுவனங்களோடு, புற்றுநோயாளிகளுக்கான உதவிச் சங்கமும் இருந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக நகர்ந்து, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதே மறுப்பை உறுதி செய்தது. அப்போது நோவார்ட்டிஸின் மருந்து மாதம் சுமார் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். மற்ற நிறுவனங்களின் அதே மருந்து அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பிறகு 2023 மார்ச்சில், காசநோய் மருந்து பெடாகுவிலின் மீதான உரிமையை 2027 வரை நீட்டிக்கக் கேட்ட ஜான்சன் அண்ட் ஜான்சனின் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. எதிர்த்தவர்களில் இருவர் கடுமையான காசநோயிலிருந்து மீண்ட பெண்கள், ஒருவர் இந்தியர், இன்னொருவர் தென்னாப்பிரிக்கர். நோய்க்கு எடுத்த மருந்துகளால் செவித்திறனை இழந்தவர்கள் அவர்கள்.

நமக்கு உரிமை இருக்கிறது, கூடித் தேடும் களம்தான் இல்லை. எதிர்ப்பு மனு என்றால் வழக்குரைஞர், நோயாளர் சங்கம், போட்டி நிறுவனம் என்றே ஆகிவிட்டது. கோவையில் பம்பு வடிவமைக்கும் பொறியாளருக்கோ, சித்த மருத்துவக் கல்லூரி ஆசிரியருக்கோ தன் துறையில் என்ன விண்ணப்பம் வந்திருக்கிறது என்று தெரிய வருவதே அரிது. தெரிந்தாலும், தன் கையிலிருக்கும் பழைய நூலை வேறு யார் கையிலோ இருக்கும் பழைய நூலோடு சேர்த்துப் பார்க்க இடமில்லை. பியர் டு பேட்டன்ட் காலத்து அமெரிக்காவில் களம் இருந்தது, உரிமை இல்லை. இங்கே தலைகீழ்.

இந்த நிலையில்தான் 2024 மார்ச்சில் விதிகள் திருத்தப்பட்டன. அதுவரை கட்டணமின்றி இருந்த இந்த எதிர்ப்பு மனுவுக்கு இப்போது கட்டணம் உண்டு. மனு ஏற்கத்தக்கதா என்பதையும் அதிகாரி முதலில் முடிவு செய்வார். வேண்டுமென்றே அடுக்கடுக்காக மனு போட்டு விண்ணப்பங்களை இழுத்தடித்தவர்கள் இருந்தார்கள், அதைத் தடுக்க வேண்டியதும்தான். ஆனால் இழுத்தடிப்பவருக்குக் கட்டணம் ஒரு பொருட்டே அல்ல. ஒரே ஒரு பழைய கட்டுரையைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியருக்குத்தான் அது சுவர். எதிர்ப்பு வழக்கு நடத்துவதும் சான்று ஒன்றை எடுத்துக் கொடுப்பதும் வெவ்வேறு வேலைகள். வாதாடாமல், விசாரணை கேட்காமல், ஆவணத்தையும் அரைப் பக்க விளக்கத்தையும் மட்டும் அனுப்புபவருக்குக் கட்டணமில்லாத தனி வழி ஒன்று வேண்டும். பத்து ஆவணம், நான்கு மாதம் என்ற வரம்பு போதும், குவியல் சேராது. இதைச் செய்யப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

அதுவரை, இருக்கும் வழியைத் தெரிந்துகொள்ளலாம். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இதழ் வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் வெளியாகிறது. கட்டணம் இல்லை. வெளியான விண்ணப்பங்களை அலுவலகத் தளத்தில் சொல்லைக் கொண்டு தேடலாம். உங்கள் துறை சார்ந்த ஒன்றைக் கண்டால் முதலில் கோரிக்கைகளுக்குப் போங்கள், முதல் கோரிக்கையை அங்கம் அங்கமாகப் பிரித்து எழுதுங்கள், விண்ணப்பத் தேதியையும் முன்னுரிமைத் தேதியையும் (இதே கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாள்) குறித்துக்கொள்ளுங்கள். முன்னுரிமைத் தேதிக்கு முந்தையது என்று ஐயமின்றிக் காட்டக்கூடிய ஆவணம் மட்டுமே செல்லும். அதில் பக்க எண்ணும் பத்தியும் சுட்டி, எந்த அங்கம் எங்கே இருக்கிறது என்று எதிரெதிரே எழுதுங்கள். தமிழ் நூலென்றால் உரிய பகுதியின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டியிருக்கும்.